அறுநூற்று ஐம்பது கிராம் வளர்ச்சி

இதைச் சொல்லத் தொடங்கும்போதே ஒரு சந்தேகம். எல்லாம் எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா? அந்த அலுவலகம் இரண்டாம் மாடியிலா, மூன்றாம் மாடியிலா? அதன் சுவருக்குப் பச்சை வர்ணம் அடித்திருந்தார்களா, நாளடைவில் தானே பச்சையானதா? உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒன்றில் மட்டும் எனக்குத் துளியும் ஐயமில்லை. மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டது, பிறகு சக்கரத்தைக் கண்டது. அதற்குப் பின் நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, கடைசியில் அந்த அலுவலகத்தின் வழியாக, கணினியை எடை போடும் முறையைக் கண்டது.

மருத்துவ உதவி கேட்டு வரும் விண்ணப்பங்களைப் பதிவு செய்யும் அலுவலகம் அது. இருபது மேசை, இருபது கணினி. எட்டு வருடங்களுக்கு முன் யாரோ ஒரு புண்ணியவான் ஒரு கணினிப் பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த நினைவக அட்டையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். விரல் நீள அட்டை, முப்பது கிராம். அந்த முப்பது கிராமிலிருந்து பிறந்ததுதான் ‘எடைப் பதிவேடு’. காலாண்டின் கடைசி வெள்ளிக்கிழமை ஒவ்வொரு பெட்டியையும் தராசில் ஏற்ற வேண்டும். எடை முந்தைய காலாண்டைவிடக் குறைந்திருந்தால் உள்ளிருந்து எதையோ எடுத்துவிட்டார்கள் என்று பொருள். எடுத்தவர் அந்த மேசைக்காரர் என்பதும் பொருள்.

தராசு, மூட்டை நிறுக்கும் தராசு. ஐம்பது கிராமுக்குக் கீழே எதையும் அது மதிப்பதில்லை. அப்படியானால் அதே அட்டை மறுபடி களவு போனால் தெரியாதே என்று யாரோ ஒருமுறை கேட்டார்கள். அலுவலகப் பொருட்களுக்கெல்லாம் பொறுப்பாளரான, ‘எடையார்’ என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட பெரியவர் சற்றும் கலங்கவில்லை. “தராசு இருக்குன்னு திருடனுக்குத் தெரியுமில்ல? அது போதும்” என்றார்.

பதிவேடு வந்த நாளிலிருந்து எந்தப் பெட்டியின் எடையும் குறையவில்லை. ஏறிக்கொண்டே போயிற்று. ஜன்னலுக்குக் கீழே சாலையைத் தோண்டி மூடி மறுபடி தோண்டும் பணி ஆறு வருடமாக நடந்துவந்தது. அலமாரிகளில் கோப்புகள் உதிர்ந்துகொண்டிருந்தன. கணினிக்குள் இருக்கும் விசிறியோ வஞ்சனையில்லாமல் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. அலுவலகத் தலைவர் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து, “நம் கணினிகள் எட்டு வருடத்தில் மொத்தம் ஒன்பது கிலோ ‘வளர்ச்சி’ கண்டிருக்கின்றன” என்று அறிவித்தபோது கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

அதில் அறுநூற்று ஐம்பது கிராம் மூன்றாம் மேசைக்குச் சொந்தம். அலுவலகத்திலேயே அதிகம்.

அங்கே மேசையின் எண்தான் ஆளுக்கும் பெயர். மூன்றாம் மேசை ஒரு பெண்மணி. பதினோரு வருடமாக அதே நாற்காலி. அதிகம் பேசமாட்டார். யாராவது ஒன்று கேட்டால் அதை உள்ளே கொண்டுபோய் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் வரும். அதற்குள் கேட்டவர் போயிருப்பார். அவருடைய கணினி மட்டும் இடைவிடாமல் பேசியது. மாவு மில் மாதிரி ஒரு சத்தம். அதன்மேல் கையை வைத்தால் சூடு தாங்காமல் இழுத்துக்கொள்ளத் தோன்றும். கடந்த இரண்டு மாதமாக அதற்கு ஒரு புதிய பழக்கம் வந்திருந்தது: போட்ட ஒன்பதாவது நிமிடம் சூடேறித் தானாக அணைந்துவிடும்.

ஒரு விண்ணப்பத்தைப் பதிவு செய்யப் பதினோரு நிமிடம் ஆகும். நாற்பத்திரண்டு கட்டங்கள். பாதியில் சேமிக்க முடியாது. பாதி விண்ணப்பத்தைச் சேமித்தால் பாதி நோயாளிக்கு உதவி போய்விடும் என்ற தொலைநோக்கோடு அப்படி அமைத்திருந்தார்கள். ஒரு வட்டாரத்து விண்ணப்பம் அந்த வட்டாரத்துக்குரிய கணினியில்தான் திறக்கும், அடுத்த மேசையில் திறக்காது. ஆகவே மூன்றாம் மேசைக்குரிய வட்டாரத்தில் இரண்டு மாதமாக, பதிவேடுகளின்படி, ஒருவருக்கும் உடம்பு சரியில்லாமல் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஓர் ஓட்டுநர் வந்தார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். விண்ணப்பம் வைத்த ஓர் உறையை மடங்காமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“வீட்டுக்காரிக்குங்கம்மா. கண்ணு.”

“கண்ணுல என்ன?”

“உள்ள அழுத்தம் ஏறிப்போச்சாம். ரெண்டு கண்ணும் பாதி போயிடுச்சு. ரெண்டு மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணிட்டா மிச்சம் நிக்குமாம். விட்டா நரம்பு செத்துடும், அப்புறம் யார் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க.”

மூன்றாம் மேசை நாட்காட்டியைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை ஐந்து மணியோடு காலாண்டு முடிகிறது. அதற்குள் பதிந்தால் அடுத்த மாதமே அறுவைக்குத் தேதி வரும். தவறினால் அடுத்த காலாண்டுக் கணக்கில் சேர்ந்து இன்னும் மூன்று மாதம் தள்ளிப்போகும். மூன்றையும் இரண்டையும் அவர் மனதில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உறையை வாங்கிக்கொண்டு தட்டச்சு செய்யத் தொடங்கினார்.

முப்பத்து நான்காவது கட்டத்தில் திரை இருண்டது.

“என்னம்மா ஆச்சு?”

“சூடாயிடுச்சுங்க. கொஞ்சம் ஆறட்டும்.”

“வண்டி மாதிரியா?”

“வண்டி மாதிரிதான்.”

ஓட்டுநர் குனிந்து பெட்டியின் பின்புறத்தைப் பார்த்தார். ஓட்டைகளில் சாம்பல் நிறத்தில் தாடி வளர்ந்திருந்தது. “ரேடியேட்டர் அடைச்சிருக்கும்மா. ஊதி விட்டா ஓடும்.”

அலுவலகம் ஆறு கூட்டம் போட்டாலும் எட்டமுடியாத முடிவை அவர் குனிந்து நிமிர்வதற்குள் எட்டிவிட்டார். கூட்டம் நடத்திப் பழக்கமில்லாதவர்களிடம் இப்படி ஓர் அவசரம் இருக்கும்.

அன்று நான்கு முறை முயன்றார்கள். நான்காவது முறை அணைந்தபோது ஓட்டுநர் மெதுவாகக் கேட்டார்: “நான் பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா வாசிக்கட்டுமா? உங்களுக்கு வேகமா இருக்கும்ல?”

“நீங்க போயிட்டு வாங்க. உறை என்கிட்டயே இருக்கட்டும்.”

அவர் போனபின் மூன்றாம் மேசை இருண்ட திரையைப் பார்த்தார். அதில் அவர் முகம்தான் தெரிந்தது. பிறகு எழுந்து, கணினிக்குள் தூசு எடுக்க அனுமதி கோரி ஒரு கடிதம் எழுதினார்.

புதன்கிழமை கூட்டம் கூடியது. அந்த அலுவலகத்தின் வேகத்தைக் குறை சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: கடிதம் கொடுத்த மறுநாளே கூட்டம்.

“முதல்ல அந்தத் ‘தூசு’ங்கிற வார்த்தைய எடுங்க” என்றார் தலைவர். “நம்ம ஆபீஸ் சுத்தமா இல்லைன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்.”

“‘நுண்படிவு’ன்னு போடலாம் சார்” என்றார் ஏழாம் மேசை.

“ஆங். அது கௌரவமா இருக்கு. போடுங்க.”

எடையார் தொண்டையைச் செருமினார். “எந்தப் பேரு வெச்சாலும் எடை எடைதான் சார். எடுத்தா குறையும். குறைஞ்சா களவு. நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“எடுக்காமயே சுத்தம் பண்ண வழி இருக்கா?”

எல்லோரும் குறிப்பேட்டைத் திறந்து கேள்வியை எழுதிக்கொண்டார்கள். கேள்வியின் ஆழம் அப்படி.

“உள்ளயே ஒரு ஓரமா ஒதுக்கி வைக்கலாம் சார்” என்றார் ஏழாம் மேசை. குறிப்பில் ஏற்றினார்கள்.

மூன்றாம் மேசை எழுந்தார். “சார், வெள்ளிக்கிழமை கடைசி நாள். ஒரு அம்மாவுக்குக் கண்ணு போயிட்டிருக்கு.”

“எனக்கு மட்டும் மனசு இல்லையாம்மா? அதுக்குத்தானே கமிட்டி போடுறோம்.” தலைவரின் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. நுண்படிவு ஆய்வுக் குழு மூன்று மாதத்தில் அறிக்கை தரும் என்று முடிவாயிற்று. இடைக்கால நிவாரணமாக மூன்றாம் மேசைக்கு ஓர் அறிவுரையும் வழங்கப்பட்டது: “அது ஒன்பது நிமிஷம் ஓடுதுன்னா நீங்க ஒன்பது நிமிஷத்துல முடிக்கப் பாருங்க. மிஷின் மேல பழி போட்டு என்ன ஆகப்போகுது?”

  அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மூன்றாம் மேசை தொலைபேசியை எடுத்துக் கணவரின் தம்பியை அழைத்தார். கடைத்தெருவில் கணினி பழுது பார்ப்பவர் அவர்.

“நாளைக்கு மதியம் எங்க ஆபீஸுக்கு வர முடியுமா? ஊதுற மிஷினையும் எடுத்துக்கிட்டு வாங்க.”

“நீங்களே ஃபோன் பண்றீங்கன்னா மேட்டர் பெருசு அண்ணி. வந்துடுறேன்.”

வியாழன் மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின் கொழுந்தனார் வந்தார். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, பெட்டியைப் பின்பக்க வராந்தாவுக்குத் தூக்கிக்கொண்டு போய், இரண்டு திருகாணிகளைக் கழற்றி ஒரு மூடியில் போட்டார். பக்கத் தகட்டை இழுத்தார். எட்டிப் பார்த்தார்.

“அண்ணி, உள்ள யாராவது குடும்பம் நடத்துறாங்களா?”

“சீக்கிரம் பண்ணுங்க.”

“இல்ல, கம்பளியெல்லாம் விரிச்சுப் போட்டிருக்காங்க. அதான் கேட்டேன்.”

நடுவில் இருந்த விசிறியே தெரியவில்லை. அதன் கீழே வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியத் தகடுகளின் இடுக்குகள் அத்தனையும் அடைபட்டு, சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தை உருவாகியிருந்தது. தூரிகையின் முனையால் நெம்பியபோது அது முழுசாக, ஒரே துண்டாகக் கழன்று வந்தது. தகடுகளின் வரிகள் அதன் அடியில் அச்சாகப் பதிந்திருந்தன. மூன்றாம் மேசை அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். காகித நார், தலைமுடி, சாலை மண். எதிரே உட்கார்ந்து போன ஒவ்வொருவரிடமிருந்தும் ஏதோ ஒரு துளி உதிர்ந்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. அவர்கள் கேட்டது கிடைத்ததா என்று தெரியாது. அவர்கள் விட்டுப்போனது மட்டும் பத்திரமாக இருக்கிறது.

“என்ன அண்ணி, அழகு பாக்குறீங்களா? தள்ளிக்குங்க, ஊதப்போறேன்.” விசிறியின் இறக்கையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். “புடிக்காம ஊதுனா தாறுமாறா சுத்தி இதோட கழுத்து போயிடும். நிறைய பேருக்குத் தெரியாது.”

வராந்தாவிலிருந்து ஒரு மேகம் கிளம்பித் தோண்டிய சாலையின்மேல் மெல்ல இறங்கியது. ஆறு வருடம் கழித்துத் தூசு தாய்வீடு திரும்பிற்று.

கணினியைப் போட்டார்கள். ஒரு சத்தமும் இல்லை. ஓடுகிறதா என்று காதைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டியிருந்தது. ஒன்பதாவது நிமிடம் வந்தது. மூன்றாம் மேசை தட்டச்சை நிறுத்திக் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதாவது நிமிடம் போயிற்று. பதினோராவது நிமிடத்தில் ஓட்டுநர் வீட்டம்மாவின் விண்ணப்பம் பதிவாயிற்று. அன்று ஆறு மணிக்குள் பதினான்கு விண்ணப்பங்கள்.

நாலரை மணிக்கே தலைவர் அந்தப் பக்கம் வந்துவிட்டார். “என்னம்மா, உங்க மிஷின் ஓடலையா?”

“ஓடுது சார்.”

“சத்தமே காணோமே?”

“அதான் சார் ஓடுறது.”

தலைவர் முகத்தில் கவலை படர்ந்தது. ஒரு மேசையில் வேலை நடப்பதாக அவர் இதுவரை அறிந்திருந்தது சத்தத்தை வைத்துத்தான்.

பதிந்த விண்ணப்பங்களைத் தலைவர் அதே கணினியில் வந்து திறந்து மொத்தமாக ஒப்புதல் தர வேண்டும். அதன்பிறகுதான் அவை மேலிடம் போகும். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் தந்தால் போதும். ஆனால் வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தராசு வந்தது.

எடையார் மூன்று முறை நிறுத்தார். மூன்று முறையும் அறுநூற்று ஐம்பது கிராம் குறைந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு மூன்றாம் மேசையைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, துக்கம்தான் இருந்தது. எட்டு வருடத் தவத்தைக் கலைத்துவிட்டார்களே என்ற துக்கம்.

விசாரணை உடனே தொடங்கியது.

“அறுநூத்தி அம்பது கிராம் எங்கம்மா?” என்றார் தலைவர்.

“தூசு சார். ஊதி எடுத்துட்டேன்.”

“தூசுன்னு பொருள் பட்டியல்ல ஏதாவது இருக்கா?” எடையாரைப் பார்த்தார்.

“இல்ல சார்.”

“இல்லாத பொருள எப்படிம்மா எடுத்தீங்க?”

“அப்போ ஒண்ணும் எடுக்கலைன்னு வெச்சுக்குங்க சார்.”

“அப்போ எடை எப்படிக் குறைஞ்சுது?”

 நியாயமான கேள்வி என்று அறை முழுவதும் தலையசைத்தது.

தலைவர் தீர்ப்புச் சொன்னார். எடை சரியாகும் வரை அது ‘குறைபாடுள்ள கருவி’. அதில் பதிந்த பதினான்கு விண்ணப்பங்களுக்கும் ஒப்புதல் கிடையாது.

மூன்றாம் மேசை எழுந்து நின்றார். பதினோரு வருடத்தில் அவர் குரல் அன்றுதான் உயர்ந்தது. “என்னை என்ன வேணா பண்ணுங்க சார். மெமோ குடுங்க, மாத்திப் போடுங்க. அந்தப் பதினாலையும் அனுப்பிடுங்க. அதுல ஒண்ணு தள்ளிப்போனா ஒரு ஆளுக்குப் பார்வை போயிடும்.”

“எடையச் சரி பண்ணுங்க, அனுப்பிடுறேன். நான் என்ன கல்நெஞ்சக்காரனா?”

மூன்றாம் மேசை, காகிதம் பறக்காமல் வைக்கும் கல்லைத் தம் மேசையிலிருந்து எடுத்தார். “இதை உள்ள ஓரமா வெச்சுடுறேன் சார்.”

“கல்லு வேற, எடுத்தது வேற” என்றார் எடையார். “எடுத்ததைத்தான் வைக்கணும்.”

“எடுத்தது தூசு. அது பட்டியல்லயே இல்லைன்னீங்களே?”

“பட்டியல்ல இல்ல. உங்க வாக்குமூலத்துல இருக்கு.”

பிறகு நடந்ததை நினைத்தால் அந்த அலுவலகத்தின் ஒற்றுமை கண்ணில் நீரை வரவழைக்கும். ஒருவர் அலமாரி உச்சியைத் தடவிக்கொண்டு வந்தார். ஒருவர் தம் கணினியின் பின்புறத் தாடியை மழித்துத் தரப் பார்த்து, தம் எடை குறைந்துவிடும் என்று நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டார். “எங்கிட்ட நிறைய இருக்கு, தாராளமா எடுத்துக்குங்க” என்று ஏழாம் மேசை பழைய கோப்புக் கட்டுகளை உதறிக்கொடுத்தார். மூன்று மணிக்குள் அறுநூற்று ஐம்பது கிராம் தேறிவிட்டது.

மூன்றாம் மேசை அதை ஒரு பையில் கட்டி, விசிறிக்கு இடைஞ்சல் இல்லாமல் பெட்டியின் அடியில் வைக்கப் போனார்.

“எடுக்கும்போது பையிலயா இருந்துச்சு?” என்றார் எடையார். “எங்கேருந்து எடுத்தீங்களோ அங்கயே வைங்க.”

மூன்றாம் மேசை அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் விஷமம் எதுவும் தெரியவில்லை. விஷமமாக இருந்திருந்தால் கெஞ்சியாவது பார்க்கலாம். மணி மூன்றரை. மூன்றாம் மேசை தரையில் உட்கார்ந்து தூசைப் பிடி பிடியாக அள்ளி, நேற்றுத் துடைத்த தகடுகளின் இடுக்குகளில் தன் கையாலேயே அடைத்தார். இருமல் வந்தபோதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. தட்டும்போது கொஞ்சம் சிந்தியது. எடையார் அதையும் ஒரு தாளில் கூட்டி எடுத்துக் கொடுத்தார். தராசு ஒப்புக்கொண்டது. பெட்டிக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள்.

நான்கு மணிக்குத் தலைவர், சொன்ன சொல் தவறாதவர், மூன்றாம் மேசையின் நாற்காலியில் வந்து அமர்ந்தார். ரசீது வாங்கிப் போக ஓட்டுநரும் அவர் மனைவியும் வந்து எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் கணவரின் சட்டைக் கையைப் பிடித்தபடி சத்தம் வந்த பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். கணினி மாவு மில் மாதிரி பேசத் தொடங்கியது. தலைவர் முகம் மலர்ந்தது. “இப்பதான் மிஷின் மிஷின் மாதிரி இருக்கு.”

பதினான்கு விண்ணப்பங்களையும் மொத்தமாகத் திறக்கப் பத்து நிமிடம் ஆகும். நான்காவது நிமிடம் எல்லாம் அடங்கிற்று.

“ஏதோ ஓடிக்கிட்டிருந்துச்சே, நின்னுடுச்சா?” என்றார் அந்த அம்மாள்.

 மறுபடி போட்டார்கள். மூன்று நிமிடம். ஆறவைத்துப் போட்டார்கள். மூன்றரை.

“சார், திறந்து எடுத்துடுறேன். பத்தே நிமிஷம்” என்றார் மூன்றாம் மேசை.

“இப்பதானேம்மா முத்திரை வெச்சோம்?” என்றார் தலைவர். அவர் நெற்றியிலும் வியர்த்திருந்தது. ஐந்து மணி வரை அவர் நாற்காலியை விட்டு எழவில்லை, விடாமல் முயன்றார். அவர் முயலவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

இனி அவரவர் கதி. தலைவர் உயர்வு பெற்று மேலிடம் போனார். எடைப் பதிவேடு இப்போது எல்லாக் கிளைகளிலும் நடைமுறையில் இருக்கிறது. எடையார் ஓய்வு பெற்றார். அவர் காலத்தில் ஒரு கிராம்கூடக் குறைந்ததில்லை என்று பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். நுண்படிவு ஆய்வுக் குழு இரண்டாம் முறையாகக் கால நீட்டிப்பு பெற்றிருக்கிறது, ஏழாம் மேசை அதன் செயலாளர். கொழுந்தனாருக்கு அந்தக் கட்டடத்துக்குள் நுழையத் தடை. மூன்றாம் மேசையைக் கணினி இல்லாத ஒரு கிளைக்கு மாற்றினார்கள். அங்கே காகிதத்தில் எழுதுகிறார், எழுதியது அணைவதில்லை. ஓட்டுநர் மனைவியின் விண்ணப்பம் அடுத்த காலாண்டில், அந்த வட்டாரத்துக்கென்று வந்த புதுக் கணினியில் பிழையின்றிப் பதிவாகி, ஒப்புதலும் வந்தது. அதற்குள் நரம்பு செத்துவிட்டது, அறுவையால் இனிப் பயனில்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். பெட்டியிலிருந்து போன அறுநூற்று ஐம்பது கிராமுக்கு அரை நாளில் விசாரணை முடித்த அந்த அலுவலகம், அந்த அம்மாளின் இரண்டு கண்களைப் பற்றி யாரையும் விசாரிக்கவில்லை. அவை எந்தப் பதிவேட்டிலும் இல்லை.